படலையில் ஒரு பெட்டி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.02.2025

அன்பு மகள் கஜந்திக்கு,

அம்மாவின் திவசத்தன்று நீ போனை வைத்த பிறகு நான் திரும்ப எடுக்கவில்லை. கோபம் என்று நினைக்காதே. போனில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் நீ அடுத்ததற்குப் போய்விடுகிறாய். அதோடு உன் தம்பி அடுத்த அறையில் இருக்கிறான். நடுவில் பலகைத் தட்டிதான், எல்லாம் கேட்கும். எழுதினால் பிழையை வெட்டிவிட்டு எழுதலாம். ஆகவே நீயும் எழுது. தபால்காரர் என் கையில்தான் தருவார்.

பக்கத்து வீட்டுச் சுபைதாவின் தமையன் மகன் சஜீத் போன கிழமை மவுத்தாகிவிட்டான். தம்பி கிருஷாந்தோடு சேர்ந்து படகு இயந்திரம் திருத்துகிற பிள்ளை, உனக்கு நினைவிருக்கும். மீன் வைக்கிற ஐஸ் வாடிக்குப் பின்னால், நல்ல பகலில், மீன் ஏற்ற வந்தவர்கள் சுற்றிவர நிற்க, வலைக் குவியலில் படுத்திருந்தானாம். பெரிய குறட்டை. பொடியன் களைத்துப்போனான் என்று ஒருவர் அவன் முகத்தில் வெயில் படாமல் சாக்கைக்கூட இழுத்துவிட்டாராம். குறட்டை நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. சாக்கை எடுத்தபோது உதடு நீலம்.

அன்றைக்குக் கிருஷாந்த் வீட்டுக்கு வந்து செருப்போடு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் இருந்தான். சஜீத்தை அடக்கிய ஜனாஸாவுக்குப் போகவில்லை. அவனும் அங்கே இருந்திருக்கிறான், பயந்து ஓடி வந்திருக்கிறான் என்று எனக்குப் படுகிறது. கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவான் என்று பயம்.

ஊருக்கு அவனுக்கு இழுப்பு, ஆஸ்துமா என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். உன் சின்னம்மா புஸ்பராணியும் அப்படித்தான் நம்புகிறாள். தூள், ஹெரோயின் என்ற சொல்லை நான் இந்த வீட்டில் ஒரு நாளும் உச்சரித்ததில்லை. இப்போது எழுதியதே முதல் தடவை. பகலிலும் அவன் அறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். குறட்டை கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம்.

அன்றைக்குப் போனில் நீ சத்தம் போட்டபோது, மூக்குக்குள் அடிக்கிற ஏதோ மருந்து என்று சொன்னாய். நான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. மருந்துக் கடை ஹிஸ்புல்லாவிடம், பத்திரிகையில் வாசித்ததாகச் சொல்லி விசாரித்தேன். “அது பெரியாஸ்பத்திரியில ஊசியா இருக்கும் ஐயா. எங்கட கடையில வச்சிருக்கிற சாமான் இல்ல” என்றார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, ஆருக்கு என்று கேட்டார். பத்திரிகையில்தான் என்று மறுபடியும் சொன்னேன்.

அப்படி ஒரு மருந்து உண்மையில் இருக்கிறதா? இதைக் கேட்பது சரியோ பிழையோ தெரியவில்லை. இரண்டு தரம் கிழித்துவிட்டு எழுதினேன்.

அன்புள்ள அப்பா,
அருளம்பலம்

*

ஸ்காபரோ
06.03.2025

அப்பா,

கடிதம் வந்தது. உங்கள் எழுத்தை உறையில் பார்த்ததும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தேன். திறந்து பார்த்தால் உண்மையில் ஒரு பிள்ளை செத்துத்தான் இருக்கிறது. சஜீத் எனக்குக் கடலை வாங்கித் தந்தவன், அப்பா. சின்னப் பொடியனாக இருக்கும்போது.

ஓம், மருந்து இருக்கிறது. இங்கே மருந்துக் கடையில் கேட்டால் சும்மா தருகிறார்கள். ஆருக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் லைப்ரரியில் தீயணைக்கிற சிலிண்டருக்குப் பக்கத்தில், சுவரில் கொழுவி வைத்திருக்கிறார்கள். தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். தினமும் தம்பியின் முகம்தான் தெரிகிறது.

மச்சாள் நிவேதிகா சித்திரை வருசத்துக்கு ஊருக்கு வந்து சில மாதம் நிற்கிறாள். அவளிடம் ஒரு பை கொடுத்துவிடுகிறேன். உள்ளே இரண்டு குழல் இருக்கும். ஆளைத் தட்டி எழுப்பிப் பார்க்க வேண்டும். எழும்பாமல் மூச்சும் குறைந்து உதடு நீலமானால், மல்லாக்கக் கிடத்தித் தலையைப் பின்னுக்குச் சரித்து, ஒரு குழலின் நுனியை ஒரு மூக்குத் துவாரத்துக்குள் முழுக்க விட்டு, அடியை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். இரண்டு மூன்று நிமிஷத்தில் மூச்சு திரும்பாவிட்டால் மற்றக் குழலை மற்றத் துவாரத்தில். அதுவரை வாயில் மூச்சு ஊத வேண்டும். எழும்பினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் மருந்து வேலை முடிந்ததும் தூள் திரும்ப மூச்சை அமத்தும். தூள் எடுக்காத ஆளுக்கு அடித்தாலும் கெடுதல் இல்லை. ஆகவே, சரியாகத் தெரியாமல் எப்படி அடிப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஒவ்வொரு குழலிலும் ஒரு முறைக்குத்தான் மருந்து. சோதித்துப் பார்க்காதீர்கள். உங்களைத் தெரிந்தபடியால் எழுதுகிறேன்.

இன்னொன்று. இது அவனுக்காக அல்ல. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளின் தாலிக்கொடியை விற்றவனுக்காக நான் ஒன்றும் செய்ய மாட்டேன். சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும், அடுத்த மாதம் என்று எனக்குச் சொன்ன உங்களோடும் கோபம்தான். ஆனால் நீங்கள் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க ஏலாது.

கஜந்தி

*

திருகோணமலை
28.04.2025

அன்பு மகளுக்கு,

பை கிடைத்தது. நிவேதிகா வீட்டில் பலகாரத்தோடு சேர்த்துத் தந்தாள். கொண்டுவரும் வழியில் பொலிஸ்காரர் இருவர் பஸ்ஸை மறித்தார்கள். வேறு எதற்கோ, என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தபோது முறுக்குப் பொட்டலம் என் நெஞ்சில் நொறுங்கிப்போயிருந்தது.

நீ எழுதியபடி முறைகளை ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். குழலைச் சோதிக்கவில்லை. ஒரு பழைய கண்மருந்துப் போத்தலை வைத்து, தலையணையில் பழகிப் பார்த்தேன். முதல் தரம் போத்தல் வழுக்கிக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. இதைச் செய்யத் தக்க ஆள் நான்தானா என்ற ஐயம் போகவில்லை.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய யோசனையாக இருந்தது. அலுமாரியில் வைத்தால் அவன் எடுப்பான். குசினியில் வைத்தால் புஸ்பராணி எடுத்துப் பார்ப்பாள். அவன் கை வைக்காத இடம் இந்த வீட்டில் ஒன்றுதான். எதை விற்றாலும் சாமியறைக்குள் மட்டும் அவன் போவதில்லை. குத்துவிளக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே பிள்ளையார் படத்துக்குப் பின்னால், விபூதித் தட்டு வைக்கிற மரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

அவனுக்குச் சொல்லவில்லை. காப்பாற்ற மருந்து இருக்கிறது என்று தெரிந்தால் தூளை இன்னும் கூட்டி எடுப்பானோ என்று பயம். சுபைதாவுக்கும் சொல்லவில்லை. மருமகனைப் புதைத்த மனுஷியிடம், என்னிடம் இப்படி ஒன்று இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நான் செய்தது சரிதானா? எழுது.

அப்பா

*

ஸ்காபரோ
21.05.2025

அப்பா,

பிழை. இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்குத் தெரியாது.

நீங்கள் சந்தைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவன் விழுந்தால்? நீங்களே தலைசுற்றி விழுந்தால்? பிள்ளையாரா வந்து அடிப்பார்? தெரிந்தால் இன்னும் கூட்டி எடுப்பான் என்பது உங்கள் பயம், அவ்வளவுதான். அவன் இப்போது என்ன குறைத்தா எடுக்கிறான்?

கம்பனிக் கப்பல் ஜெட்டியில் நீங்கள் உயிர்காப்பு வளையங்களைச் சோதிக்கும் வேலை செய்தபோது நடந்ததை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? வளையம் களவு போகிறது என்று ஸ்டோர்காரர் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். நீங்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல், ‘கடலில் விழுந்தவர் திறப்புக்கு விண்ணப்பிக்க இயலாது என்பதைப் பணிவுடன் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்’ என்று எழுதினீர்கள். பதில் வரும்வரை எழுதினீர்கள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுவாள். அந்த மனுஷன் இப்போது எங்கே போனார்?

ஒளித்து வைத்திருப்பது மருந்தை இல்லை. அவனை.

பையை வெளியே எடுங்கள். சுபைதா மாமிக்குச் சொல்லுங்கள். அவனுக்கும் சொல்லுங்கள்.

கஜந்தி

*

திருகோணமலை
30.06.2025

அன்பு மகள் கஜந்திக்கு,

முதலில் இதை எழுதிவிடுகிறேன். இருபதாம் திகதி கிருஷாந்துக்கு மூச்சு நின்றது. பிறகு வந்தது. மிச்சத்தை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். ஒழுங்கு வருகிறதில்லை.

உன் கடிதத்தை வாசித்தபின் பெட்டியை வெளியே எடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இருக்கும்போது சல்லிக் கிராமத்தில் உன் பெரியப்பா காலமாகிவிட்டார். நிவேதிகா உனக்குச் சொல்லியிருப்பாள். சாவுத் தீட்டு, துடக்கு வந்துவிட்டது. துடக்கு நாட்களில் நம் வீட்டில் சாமியறையைப் பூட்டித் திறப்பை மதிலுக்கு மேலால் சுபைதாவிடம் கொடுப்பது உன் அம்மா தொடங்கிய வழக்கம். எங்கள் கையில் இருந்தால் மறதியில் திறந்துவிடுவோம் என்பாள். பூட்டும்போது பெட்டி உள்ளே இருப்பது நன்றாகவே நினைவிருந்தது, மகள். ஆனால் வீடு நிறையச் சனம். அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் புஸ்பராணி கேட்பாள், என்ன அத்தான் அது என்று. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பூட்டினேன். திறப்பையும் கொடுத்தேன்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்து சனம் போய்விட்டது. புஸ்பராணி மட்டும் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். மத்தியானம். தட்டிக்கு அப்பால் குறட்டை கேட்டது. உழுந்து அரைக்கிற மாதிரி, கரகரவென்று. எழும்பி நின்றேன். பிறகு அது நின்றது.

கதவைத் தள்ளினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் சரிந்து கிடந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன், நெஞ்சுக் குழியில் முட்டியால் தேய்த்தேன். உதடு நாவற்பழம் தின்றவன் உதடு போல் இருந்தது. மதிலருகே ஓடிச் சுபைதாவைக் கூப்பிட்டேன். அவள் காலையிலேயே மகளைப் பார்க்கக் கிண்ணியாவுக்குப் போய்விட்டாள் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. அவள் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

தேங்காய் உரிக்கிற அலவாங்கை எடுத்துக்கொண்டு சாமியறைக் கதவுக்குப் போனேன். முதல் அடியில் மரம் சிராய்ந்தது, அவ்வளவுதான். புஸ்பராணி ஈரக் கையோடு ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

“அத்தான், உங்களுக்கென்ன விசரே? துடக்கோட சாமியறையை உடைக்கிறியள்? அவனுக்கு இழுப்பெண்டால் அந்தப் பம்பைக் குடுங்கோவன்.”

“இழுப்பு இல்லை, புஸ்பம். தூள். நாலு வருசமாத் தூள். மருந்து உள்ளுக்கு இருக்கு. நீ போய் அவன்ரை தலையைப் பின்னுக்குச் சரிச்சு வாயில ஊது.”

நான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேனாம். வீதியில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். புஸ்பராணி என்னைப் பார்த்தாள். என் கையை விட்டுவிட்டு அவன் அறைக்கு ஓடினாள். எத்தனையாவது அடியில் பூட்டு கழன்றது என்று தெரியவில்லை. பிள்ளையார் படம் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. அதன்மேல் நடந்துதான் பெட்டியை எடுத்தேன்.

பழகியது ஒன்றும் நினைவில் இல்லை. நுனியை விட்டு அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. புஸ்பராணி ஊதினாள், நிமிர்ந்தாள், ஊதினாள். அவள் வாயிலிருந்து தேவாரம்தான் வருமென்று நினைத்திருந்தேன். ‘ஏண்டா நாயே, எழும்படா, எழும்பு’ என்று ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். மற்றக் குழலைப் பிரிக்கப் போகும்போது அவன் நெஞ்சு ஒருமுறை தூக்கியது. தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தவன் இழுப்பது போல ஒரு மூச்சு. பிறகு சத்தி எடுத்தான்.

கண்ணைத் திறந்து முதலில் சொன்னது இதுதான்: “ஏனப்பா எழுப்பினனீங்கள்?”

இதை உனக்கு எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

வீதியில் நின்றவர்களே ஓட்டோவை மறித்து ஏற்றினார்கள். மற்றக் குழலை ஆஸ்பத்திரி வரைக்கும் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தேன். வார்ட்டில் ஓர் இளம் பெண் டாக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களிடம் ஊசியாக இருக்கிறது, ஆனால் தேவைப்படுகிறவர்கள் இங்கே வந்து சேர்வதற்குள் முடிந்துவிடுகிறது என்றார். வீடுகளுக்கும் கடற்கரைக்கும் இதைக் கொடுக்க வழியில்லையா என்று கேட்டேன். ‘எழுதிக் குடுங்கோ ஐயா, நானும் எழுதுறன்’ என்றார்.

பின்னேரம் கிருஷாந்த் கொஞ்சம் தெளிந்தான். அந்தக் குழலைக் காட்டச் சொன்னான். எப்படி அடிப்பது என்று கேட்டான், சொன்னேன். நெடுநேரம் கையில் வைத்திருந்தான். “சஜீத்தும் இப்பிடித்தான் குறட்டை விட்டவன். நான் ஓடிட்டன்” என்றான். பிறகு குழலைத் திருப்பித் தந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த நாள் நான் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது கட்டில் வெறுமை. உடுத்திருந்த சறமும் ஒரு சேட்டும்தான் அவனிடம் இருந்தது. இன்றுவரை வரவில்லை. நிலாவெளிப் பக்கம் கரைவலைக்காரரோடு கண்டதாக ஒருவர் சொன்னார். இலங்கைத்துறையில் என்று இன்னொருவர். இரண்டு இடத்துக்கும் போனேன். இல்லை.

மூச்சு நின்றவன் திரும்பத் தூள் எடுத்தால் இன்னும் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். என்னிடம் ஒரு குழல் மிச்சமிருக்கிறது. அவன் எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல் இதை எங்கே வைப்பது, மகள்?

அப்பா

*

ஸ்காபரோ
22.07.2025

அப்பா,

பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கடைசித் தரிப்பிடம் வரை போய்விட்டேன்.

முன்பு எழுதிய கடிதத்தில் அவனுக்காக ஒன்றும் செய்ய மாட்டேன் என்று எழுதினேன். அந்த இடத்தை வெட்டிவிடுங்கள். நீங்கள்தானே சொன்னீர்கள், எழுதினால் வெட்டலாம் என்று.

லீவு கேட்டிருக்கிறேன். செப்ரெம்பர் நடுவில் வருகிறேன். தரக்கூடிய அளவு பைகளை வாங்கிக்கொண்டு வருகிறேன். எயார்போட்டில் கேட்டால் கேட்கட்டும். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அதுவரை அந்த ஒரு குழலை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள். ஜெட்டி, வளையம் என்று நான் எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். அவன் வீட்டுக்குத்தான் வருவான். வரும்போது அது அங்கே இருக்க வேண்டும். அப்பா, தயவுசெய்து. எனக்குப் பயமாக இருக்கிறது.

கஜந்தி

*

திருகோணமலை
19.08.2025

அன்பு மகள் கஜந்திக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நீ வேண்டாம் என்று எழுதியதை நான் அதற்கு முன்பே செய்துவிட்டேன். கோபப்படுவாய். முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

ஆடி பிறந்ததும் அந்தக் குழலை ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து வாசல் படலைத் தூணில், வீதிப் பக்கமாகக் கட்டினேன். பூட்டு இல்லை. அவனோடு போவதற்கு எனக்கு வழியில்லை. அவன் விழுகிற இடத்தில் நிற்கப்போவது யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவருக்கு எங்கே ஓடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். என் சட்டைப் பைக்குள் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

முறைகளைக் காகிதத்தில் எழுதிக் கோதுமைமாப் பசையால் ஒட்டினேன். விடிய வந்து பார்த்தால் தெருவில் திரிகிற மான்கள் பாதியைத் தின்றுவிட்டிருந்தன. பிறகு சுபைதா ஒரு தகரம் தந்தாள். அதில் பெயின்றால் எழுதினேன். ‘தூள் எடுத்தவர் எழும்பாவிட்டால்’ என்று தொடங்கினேன். கடைசியில், ‘இந்த வீட்டுப் பிள்ளைக்கும் தேவைப்பட்டது’ என்று சேர்த்தேன். அந்த வரியை எழுதும்போது சுபைதா பெயின்ற் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அண்டைக்குக் கிண்ணியாக்குப் போயிருப்பனா, அண்ணன்?” என்று மட்டும் கேட்டாள். நான் பிரஷைத் திரும்ப டப்பாவுக்குள் விட்டேன்.

முதல் நாட்களில் தலைநிமிர்ந்து படலைக்குப் போக என்னால் ஏலவில்லை. மீன்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “என்ன ஐயா, தூள் கடை போட்டிருக்கிறியளோ?” என்று கேட்டுச் சிரித்தார். நான் உள்ளே வந்துவிட்டேன். ஆனால் பின்னேரங்களில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். தனித்தனியாக. தகரத்தை வாசிப்பதுபோல நின்று, இன்னும் ஒன்று இருக்குமா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஆருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் சுகாதாரப் பணிமனைக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை எழுதுவேன்.

மருந்துக்கு வெயில் ஆகாது. காலையில் தெருப் பக்கத் தூணிலும் மத்தியானத்துக்குப் பின் வேம்பின் நிழல் விழுகிற மற்றத் தூணிலும் மாற்றிக் கட்டினேன். கட்டும்போதெல்லாம் திறந்து பார்ப்பேன்.

முந்தநாள் காலையிலும் திறந்தேன். குழல் இருந்தது. நிம்மதியாக மூடப் போனேன். பிறகுதான் கண்டேன், அடிப்பகுதி அழுத்தப்பட்டு உள்ளே போயிருந்தது. யாரோ எடுத்துப் பாவித்துவிட்டு, துடைத்து, திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். சவச்சாலையிலும் கேட்டேன். அங்கேயும் இல்லை. ஐஸ் வாடியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், விழுந்தவன் எழும்பி நடந்து போனான், அடித்தவனும் கூடவே போனான் என்றார். இரண்டு பேரையும் அவருக்குத் தெரியாதாம்.

விழுந்தவன் கிருஷாந்தோ, அடித்தவன் கிருஷாந்தோ, இரண்டு பேருமே வேறு யாருடைய பிள்ளைகளோ. அடித்தவன் ஓடவில்லை என்பதை மட்டும் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சில வேளை அதை நம்புகிறேன். சில வேளை, நம்புவதற்காக நானே அதைக் கட்டிக்கொள்கிறேனோ என்று பயப்படுகிறேன்.

இப்போது பெட்டி வெறுமை. போனில் உனக்கு அடிக்கலாம், ஆனால் அழுதுவிடுவேன். ஆகவே இதை எழுதி, இன்னும் ஊரில் நிற்கிற நிவேதிகாவைத் தன் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பெட்டியைக் கழற்றினால், மருந்து இருந்த இடம் என்று கேள்விப்பட்டு யாராவது ஓடி வரும்போது தூண் மட்டும் நிற்கும். கழற்றாவிட்டால் வெறும் பெட்டியைத் திறப்பார்கள். எது குறைந்த பிழை என்று எனக்குத் தெரியவில்லை. பகல் முழுவதும் படலையடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஓடி வருகிறவருக்கு, தலையைச் சரித்து ஊதுங்கோ என்று சொல்லவாவது ஒரு ஆள் வேண்டும்.

செப்ரெம்பர் வரைக்கும் இருக்காதே. கெதியாக வா, மகள்.

அப்பா